ஐஸ் காட்டக் கூடாதது

முதல் நாள் ஐஸ் பெட்டியோடுதான் போனேன்.
காசிமேட்டில் இருபது வருஷமாக
எது கெட்டுப்போகும் என்றாலும்
அதன் தலையில் ஐஸை உடைத்துக் கொட்டியவன்.
ரத்த வங்கிப் பெண் பெட்டியைப் பார்த்துவிட்டு
"அய்யோ, இதுக்கு ஐஸே காட்டக் கூடாதுண்ணே" என்றாள்.

தட்டணு குளிரில் வீணாகிவிடுமாம்.
வெயிலும் தாங்காதாம்.
இருபத்திரண்டு டிகிரியில், தூங்கவிடாமல்
ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம் ஐந்து நாள்.
அதற்கு மேல் அதுவும் மீன்தான்.

கண்ணாடிக்குப் பின்னால்
தட்டுகள் போய்ப் போய் வந்தன,
கட்டிப்போட்ட படகுகள் போல.
சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
மத்தி எண்ணெயின் மஞ்சள்.

குமுதவல்லி என் தங்கை. முப்பத்தொன்று.
அவள் எலும்புக்குள் இருந்ததை எல்லாம்
மருந்து ஊற்றிக் கழுவிவிட்டு
என்னிடம் எடுத்ததை ஏற்றியிருக்கிறார்கள்.
அது முளைக்கும் வரை
அவளுக்கென்று ஒரு சொட்டு ஊறாது.
பல் துலக்கினால் கசியும்.
தும்மினால் எங்களுக்குப் பயம்.
காலையில் கவுண்ட் ஆறாயிரம் என்றார்கள்.
ஏலத்தில் ஒரு கூடை சங்கராவின் விலை.

முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவன்தான் நான்.
"கூடப் பிறந்தவன் ரத்தம் முன்னாடியே உள்ளே போனா
அவ உடம்பு உன்னைப் பகைச்சுக்கும்,
அப்புறம் உன் விதை ஒட்டாது" என்றார் டாக்டர்.
ஆகையால் யார் யாரோ.

வியாசர்பாடி சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்று
பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தான்.
கேரம் ஆடுகிறவன்.
மெஷினில் படுத்திருந்த ஒன்றரை மணி நேரமும்
அமுக்கக் கொடுத்த பந்தைச் சுண்டிக்கொண்டே இருந்தான்.
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டு
வேர்த்து வந்த தையல்காரி பிரிசில்லா.
திருவொற்றியூர் வெல்டிங் பட்டறை ரஹ்மத்துல்லா
முந்தின இரவு தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தார்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
தப்புச் செய்தவர் போல வெளியே வந்து
எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.
நாலாம் நாள் மறுபடி வந்து நின்றார்.

அவள் ஓ. நான் பி.
இந்த நடுக்காலத்தில்
சிவப்பு ஓவில் வர வேண்டும், மஞ்சள் பியில்.
அந்நிய அணுக்கள் காலி வீட்டில் குடியேறிச்
சண்டை பிடிக்காதபடி
கதிர்ப்பெட்டிக்குள் காட்டிவிட்டுத்தான் மாடிக்கு அனுப்புவார்கள்.
எனக்கு இதெல்லாம் இப்போது தூக்கத்திலும் தெரியும்.

ஒரு ராத்திரி அந்தப் பெண், நீலவேணி,
பையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து
லேசாக அழுத்தினாள்.
உள்ளே ஏதோ சுழன்றது. மினுங்கியது.
"நல்லா இருந்தா இப்படித்தாண்ணே புரளும்."
நெத்திலிக் கூட்டம்
ஒரே நேரத்தில் திரும்பும்போது
தண்ணீருக்குள் வெளுக்குமே, அது.
நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.
அதுவரை போன் பண்ணுவதிலேயே நேரம் போய்விட்டது.

பதினேழாம் நாள்
எதுவும் ஏற்றாமலே இருபத்தோராயிரம்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து குமுதா கேட்டாள்:
"இனிமே ஃபார்ம்ல என்ன குரூப்னு எழுதறது?"
கொஞ்ச நாள் ஓ, அப்புறம் என்னுது என்றேன்.
"உன் கோவமும் வந்துடுமா?"

என் போனில் இன்னும் அழிக்கவில்லை:
பி பாசிட்டிவ் சப்வே.
பி பாசிட்டிவ் தையல்.
பி பாசிட்டிவ் வெல்டிங்.

சித்திரையில் ஒரு மதியம்
கட்டி அரைக்கிற இரைச்சலுக்கு நடுவே
தெரியாத நம்பர்.
நாற்பது பேரைக் கூப்பிட்டு முடித்த குரல்.
"ஐஸ் ஃபேக்டரி அண்ணனா?"
மெஷினை நிறுத்தச் சொன்னேன்.
நேற்று மாத்திரை ஏதாவது போட்டேனா
என்று யோசித்துப் பார்த்தேன்.
போடவில்லை.